தண்ணி நிக்காத தொட்டி

எனக்குத் தொட்டிதான் தொழில்.
மாட்டுப் பட்டிக்கு, மீன் வாடிக்கு,
ஆரையம்பதியில ஒரு கல்யாண மண்டபத்துக்கு
இருபதாயிரம் லீற்றர்.
ஒரு சொட்டும் கசியாது.
கசிஞ்சால் கூலி வாங்க மாட்டன்.

டச்பார் வெறுங்காணியில
ரீ.ஓ. வரைபடத்தை விரிச்சபோது
நானும் அப்பிடித்தான் பார்த்தன்:
ஆறரை அடி ஆழம். மூலையே இல்லை.
சுவர் எங்க முடிஞ்சு
அடி எங்க துவங்குதெண்டு பிடிபடாத வளைவு.
"இதுக்குள்ள என்ன சேர் ஊத்துவீங்க?"
"பொடியன்களை."

ரசமட்டம் உதவல்ல.
ஒட்டுப்பலகையில பிறை ஒண்டு வெட்டி,
அதைச் சுவரில வைச்சு வைச்சுப் பார்த்து
பதினேழு நாள் பூசினன்.
கடைசி நாள் வெறுங்காலோட இறங்கி
உள்ளங்காலால தடவிப் பார்த்தன்.
கை சொல்லாத மேடு பள்ளத்தைக்
கால் சொல்லும்.

மற்றதெல்லாம் லேசு.
குவாட்டர் பைப் எண்டாங்க,
பைப்பும் இல்லை ஒண்டும் இல்லை,
முதுகு சாய்க்கத் தோதான சுவர்.
சறுக்கிப் போக ஒரு இரும்புக் கம்பி,
பார்தலட் பட்டறையில வளைச்சது.
பூவரசுக்குக் கீழ ரெண்டு வாங்கு.
கக்கூசுக்குக் கதவு ரெண்டு, திறப்பு ஒண்டு,
அது சந்திரவதனியின் கச்சான் பெட்டியில கிடக்கும்.
தலைக்கவசம் பதினொண்டு,
ஏழாம் நம்பருக்கு வார் இல்லை.
லைற் தூண் நாலு:
ரெண்டு எரியும், ஒண்டு எரியாது,
ஒண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கும்.
மாடு கட்டக் கூடாதெண்டு
மூண்டு மொழியில பலகை.
மாடு நாலாவது மொழி.

வடக்கு மூலையில ஒரு சிவப்புத் தரை.
நான் போட்டதில்லை.
கடல் வீட்டைக் கொண்டுபோய்
தரையை விட்டுட்டுப் போனது.
பார்க் வரமுதலே பொடியன்கள் அதுலதான் உருண்டாங்க,
அதால உடைக்க வேணாமெண்டு ரீ.ஓ. சொன்னார்.
வாசற்படியும் கிடக்கு,
அதுல ஏறித்தான் பாய்வாங்க.
அந்தப் படியில செருப்புக் கழட்டினது
ஆர் ஆரெண்டு எனக்குத் தெரியும்.
கேட்டால் சொல்லுவன்.
ஒருத்தரும் கேக்கல்ல.

மறுகா மாரி வந்தது.
விடிய அஞ்சு மணிக்குப் போன்.
பவிஷாளினி, பத்தாம் வகுப்பு,
எல்லாரிலயும் வேகமான பெட்டை.
"மேசன் அண்ணே,
உங்கட தொட்டியில தண்ணி நிக்குது."

ஒரு கணம், பொய் சொல்லப்படாது,
நெஞ்சு நிமிர்ந்தது:
ஒரு சொட்டும் கசியல்ல!

மறுகாதான் வெக்கம்.
போய்ப் பார்த்தால் விளிம்பு மட்டும் வெள்ளம்,
தவளைச் சத்தம்,
நடுவில ஒரு வாளி மிதக்குது.
காத்தான்குடி ஹஸ்பியா பெயின்ற் தகரத்தால அள்ளுறாள்,
டெரோஷன் ஏழாம் நம்பர் தலைக்கவசத்தால.
வார் இல்லாதது அதுக்காவது உதவிச்சு.
கரையில ஒரு கொக்கு,
இன்ஸ்பெக்சனுக்கு வந்த மாதிரி.

வரைபடத்தை எடுத்துத் திரும்பப் பார்த்தன்.
நட்டநடுவில நாலு இஞ்சி வட்டம்.
ரீ.ஓ. வைச்ச தேத்தண்ணிக் கோப்பையின்
கறையெண்டு நினைச்சிருந்தன்.

கல்முனையில இருந்து மிசின் வாடகைக்கு எடுத்து
என்ட வேலையை நானே துளைச்சன்.
பதினேழு நாள் மினுக்கினதில
ஓட்டை போடக்குள்ள
பல்லுக் கூசிச்சு.
தொட்டி முதல்ல ஒரு விக்கல் விட்டது,
பிறகு குடிக்கத் துவங்கினது,
மத்தியானம் வரைக்கும் குடிச்சது.
கூலி கேக்கல்ல.
மிசின் வாடகையும் என்ட காசு.

அந்த வாய்க்கு மேல
பார்தலட் ஒரு சல்லடை மூடி அடிச்சுத் தந்தார்,
சில்லு சிக்காமல், தரையோட தரையாய்.
எண்டாலும் ஒரு நூல் அளவு உயரம்தான்.
பின்னேரம் அந்த வழியால போனால்
சைக்கிளை நிப்பாட்டிக் காது குடுப்பன்:
சர்ர்ர் எண்டு இறங்கி,
நடுவில ஒரு டடக்,
திரும்பச் சர்ர்ர் எண்டு ஏறி,
ஒரு கணம் சத்தமே இல்லை,
பெட்டை காற்றில.

நாளைக்கு ஏறாவூரில ஒரு வேலை.
அரிசி மில்லுக்குத் தொட்டி.
கல்லு மண்ணைக் கேக்க முதல்
ஓட்டை எங்கயெண்டு கேக்கணும்.